நாய்க்கான ஸ்பானியப் பயணச் சான்றிதழில் உள்ள ஒட்டுண்ணிச் சொற்களைத் தமிழில் எழுதுவது எப்படி?

பாளை ஆவணக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழி ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, கல்விச் சான்று ஆகியவையே வழக்கமாக வரும். இப்போது ஒரு நாயின் ஆவணங்கள் வந்துள்ளன. ஸ்பெயினில் பல ஆண்டுகள் வாழ்ந்த வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, அங்கே தத்தெடுத்து வளர்த்த ‘கால்கோ’ இன வேட்டைநாயுடன் ஊர் திரும்புகிறது. நம் சிப்பிப்பாறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் அந்நியமாகத் தோன்றமாட்டா.

என்னிடம் உள்ளவை மூன்று. முதலாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு. அதன் தலைப்புகள் ஸ்பானியம், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் அச்சாகியிருந்தாலும், கட்டங்களுக்குள் மருத்துவர் கையால் எழுதியவை ஸ்பானியத்தில்தான் உள்ளன. இரண்டாவது பயணத்துக்கென எழுதிய உடல்நலச் சான்றிதழ். மூன்றாவது ‘கார்த்தியா’ என்று அவர்கள் அழைக்கும் சிகிச்சைப் புத்தகம். அது முழுவதும் ஸ்பானியம். அதன் ஒவ்வொரு வரியிலும் மருந்துப் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு சீட்டும், அதன்மேல் பாதி ஏறிய முத்திரையும், ஓரத்தில் நாயின் எடையும், அடுத்த தவணைக்கான நாளும் இருக்கின்றன.

சென்னையில் விலங்கு நோய்த்தடுப்பு அலுவலர்களிடம் காட்டுவதற்கான ஆங்கிலப் படிகள் ஆயத்தமாக உள்ளன. தமிழ்ப் படியைக் கேட்பவர் வீட்டுப் பெரியவர். நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தாம் என்பதால், எந்த மருந்து எதற்காகக் கொடுக்கப்பட்டது, எந்த நோய் இல்லையென்று பார்க்கப்பட்டது என்பதைத் தாமே படித்தறிய விரும்புகிறார். பயண முகவர் ஒருவர் கணினியில் எடுத்துக் கொடுத்த தமிழ்ப் படியைப் படித்துவிட்டு, “நாய்க்கு எதற்கு மண்புழு மருந்து? யானைக்கால் நாய்க்கு எப்படி வரும்?” என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

எனக்கு ஐயம் உள்ள தொடர்கள் இவை: ‘தெஸ்பாரசிதாசியோன் இன்தெர்னா’ (சொல்லுக்குச் சொல் ‘அக ஒட்டுண்ணி நீக்கம்’), ‘தெஸ்பாரசிதாசியோன் எக்ஸ்தெர்னா’ (‘புற ஒட்டுண்ணி நீக்கம்’), ‘லொம்ப்ரிசெஸ்’, ‘ஃபிலாரியா: நெகதிவோ’, ‘சார்னா’, ‘லிப்ரே தே எக்தோபராசிதோஸ்’. கால்நடைத் துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

இராமையன்பட்டி மருத்துவர் எழுதியது:

அண்ணாச்சிக்கு வணக்கம். இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு ஸ்பானியம் தெரியாது; ஆனால் இந்தச் சொற்கள் சுட்டும் உயிர்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை.

‘ஒட்டுண்ணி’ என்பது மிகப் பரந்த சொல். குடலில் வாழும் புழுவும், தோலில் கடிக்கும் உண்ணியும், இரத்தத்திலும் எலும்பு மச்சையிலும் வாழும் ஒருசெல் உயிரும் அதில் அடங்கும். ஆனால் சிகிச்சைப் புத்தகத்தில் ‘ஒட்டுண்ணி நீக்கம்’ என்று மருத்துவர் எழுதும்போது இவையனைத்தையும் குறிப்பதில்லை. ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரப் பகுதிகளில் நாய்களுக்குப் பரவலாக வரும் லெய்ஷ்மேனியா நோய், மணல் ஈ கடிப்பதால் பரவும் ஒருசெல் ஒட்டுண்ணியால் உண்டாவது. குடற்புழு மாத்திரையால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ‘அனைத்து ஒட்டுண்ணிகளும் நீக்கப்பட்டன’ என்று தமிழில் எழுதினால், படிக்கும் பெரியவர் லெய்ஷ்மேனியாவும் இல்லை என்றே எண்ணிக்கொள்வார். எனவே அந்தக் கட்டத்தின் தலைப்பை மட்டும் பார்த்து மொழிபெயர்க்காமல், அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பிராசிகுவாண்டெல், பைராண்டெல், ஃபெபாண்டெல் ஆகிய மூன்றும் சேர்ந்த மாத்திரையாக இருந்தால் ‘குடற்புழு நீக்கம்’ என்று தயங்காமல் எழுதலாம். அரசு முகாம்களில் நாம் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. ஊரில் எல்லோருக்கும் புரியும். மில்பெமைசின் கலந்ததாக இருந்தால், அது குடற்புழுவோடு இதயப்புழு வராமல் தடுக்கவும் கொடுக்கப்படுவதால், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘எக்ஸ்தெர்னா’ என்பதை ‘வெளிப்பூச்சு’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் உயிர் எங்கே வாழ்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, மருந்தை எங்கே இடுகிறோம் என்பதைச் சொல்லவில்லை. ஃப்ளூராலனர், அஃபோக்சோலனர் ஆகியவை வாயால் கொடுக்கும் மாத்திரைகள்; ஆனால் அவை உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்வதால் ‘எக்ஸ்தெர்னா’ கட்டத்தில்தான் வரும். மறுபுறம், செலமெக்டின் என்பது கழுத்துக்குப் பின்னால் மயிரை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்து. அதுவோ தெள்ளுப்பூச்சியைக் கொல்வதோடு உடலுக்குள் சென்று இதயப்புழுவையும் தடுக்கிறது.

‘லொம்ப்ரிசெஸ்’ என்று அந்த நாட்டவர் பேச்சு வழக்கில் சொல்வது பெரும்பாலும் உருண்டைப்புழுக்களையே. தோட்டத்து மண்புழுவுக்கும் அதே பெயர் இருப்பதால் கணினி தடுமாறியிருக்கிறது. ‘தேனியா’ என்று தனியாக எழுதியிருந்தால் அது நாடாப்புழு.

ஃபிலாரியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் யானைக்கால் நினைவுக்கு வருவது இயல்பு. மனிதருக்கு யானைக்கால் நோயைத் தருவது ‘உச்சரேரியா பான்கிராஃப்டி’ என்னும் புழு. அது நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. நாய்ச் சான்றிதழில் ‘ஃபிலாரியா’ என்று வருவது பெரும்பாலும் ‘டைரோஃபைலேரியா இமிட்டிஸ்’. அதுவும் கொசுவால்தான் பரவுகிறது. ஆனால் வளர்ந்த புழுக்கள் தங்குமிடம் நுரையீரல் தமனியும் இதயத்தின் வலப்பக்கமும். ஆகவே ‘இதயப்புழு’ என்று எழுதுங்கள். ‘நெகதிவோ’ என்றால் இரத்தப் பரிசோதனையில் அது தென்படவில்லை என்று பொருள்.

சிப்பிப்பாறை வளர்ப்பவர் எழுதியது:

மருத்துவர் தம்பி சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘புற ஒட்டுண்ணி’, ‘அக ஒட்டுண்ணி’ என்று எழுதிக் கொடுத்தால் வள்ளியூர்ப் பெரியவருக்கு என்ன புரியும்? தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கும் எங்களுக்கே ‘ஒட்டுண்ணி’ என்றால் காது மடலுக்குள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிதான் நினைவுக்கு வருகிறது. ‘புற ஒட்டுண்ணி இல்லை’ என்று படித்தால் உண்ணி மட்டும் இல்லை என்றும், தெள்ளும் பேனும் பற்றிப் பேச்சே இல்லை என்றும் நினைப்போம். உண்ணி, தெள்ளு, பேன், சொறி என்று தனித்தனியே எழுதுவதே நல்லது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் குடற்புழு மருந்தைப் ‘பூச்சி மருந்து’ என்றே சொல்வார்கள். வயலுக்கு அடிப்பதற்கும் அதே பெயர்தான். எழுத்தில் வரும் ஆவணத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், அண்ணாச்சி.

சொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சார்னா’ வந்து குணமான நாய் என்று புத்தகத்தில் இருந்தால், அதை வெறுமனே ‘சொறி’ என்று எழுதிவிடாதீர்கள். சொறிநாய் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் அந்த நாயை வீட்டுத் திண்ணையில்கூட ஏற்றமாட்டார்கள்.

இராமையன்பட்டி மருத்துவர் எழுதியது:

வளர்ப்பவர் ஐயா சொல்வது மருத்துவ நோக்கிலும் சரியே. ‘சார்னா’ என்பதற்குப் பின்னால் அடைமொழி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சார்கோப்திகா’ என்றால் தொற்றும் வகை. நெருங்கிப் பழகும் மனிதருக்கும் தற்காலிகமாக அரிப்பு உண்டாகும். ‘தெமோதேசிகா’ என்றால் மயிர்க்கால்களில் வாழும் சிற்றுயிரி அளவுமீறிப் பெருகியதால் வருவது, குட்டிகளிடம் அதிகம் காணப்படும், மனிதருக்குத் தொற்றாது. ‘ஓத்தோதேக்திகா’ என்றால் காதுக்குள் வரும் வகை. ‘டெமோடெக்ஸ் வகைச் சொறி, மனிதருக்குத் தொற்றாது’ என்பதில் பின்பகுதி மூலத்தில் இல்லாததால், அதை மொழிபெயர்ப்புக்குள் எழுதாமல் தனித்தாளில் குறிப்பாகக் கொடுங்கள்.

இதோடு ‘தீன்யா’, ‘மோக்கியோ’ என்ற இரண்டையும் கவனியுங்கள். இவை ஒட்டுண்ணிப் பட்டியலுக்கு அருகே எழுதப்பட்டிருக்கும். ஆனால் தீன்யா என்பது பூஞ்சையால் வரும் படர்தாமரை. ‘ரிங்வோர்ம்’ என்னும் ஆங்கிலப் பெயரில் புழு ஒட்டிக்கொண்டிருப்பதால், ஆங்கிலம் வழியே வரும் தமிழில் அதை ‘வளையப்புழு’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். மோக்கியோ என்பது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், வைரஸ் நோய்.

கடையநல்லூர் ஆய்வகம் எழுதியது:

நான் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். அண்ணாச்சி அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்ததில் மூன்று இடங்களைச் சுட்டிக்காட்டத் தோன்றுகிறது.

‘தீத்துலோ’ என்ற சொல்லை முகவரின் படியில் ‘தலைப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்பானியத்தில் அதற்குத் தலைப்பு, பட்டம் என்னும் பொருள்களும் உண்டு என்று அகராதி சொல்கிறது. ஆய்வறிக்கையில் அது இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு. வெறிநோய்ப் பரிசோதனையில் ‘0,5’ என்று காற்புள்ளியிட்டு எழுதியிருப்பது நம் வழக்கப்படி 0.5, மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்பதே போதுமான பாதுகாப்புக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. காற்புள்ளியை நீக்கிவிட்டு ‘05’ என்றோ ‘5’ என்றோ எழுதிவிட்டால் ஆவணமே பொய்யாகிவிடும்.

மலப் பரிசோதனை வரியில் ‘நோ சே ஒப்செர்வான்’ என்று உள்ளது. ‘காணப்படவில்லை’ என்பதே அதன் பொருள். அதை ‘இல்லை’ என்று எழுதக் கூடாது என்பேன். புழு குடலில் இருந்தும், அந்த நாளின் மாதிரியில் முட்டை வராமல் போவது அன்றாடம் நடப்பதுதான். பரிசோதித்தவர் தம் கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டுமே பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார். நாம் அந்தப் பொறுப்பைத் தமிழில் பெரிதாக்கிவிட முடியாது.

அடுத்து, மருந்தளவில் ‘1 கொம்ப். சே/10 கிலோ’ என்பது போல ஒரு சுருக்கம் இருக்கிறது. அந்தச் ‘சே’ எழுத்தும் சாய்கோடும் ‘உடன்’ என்பதற்கும் ‘ஒவ்வொரு’ என்பதற்கும் பொதுவான சுருக்கம் என்று அறிகிறேன். இங்கே ஒவ்வொரு 10 கிலோ எடைக்கும் ஒரு மாத்திரை என்றுதான் கொள்ள வேண்டும். அந்த வரியின் ஓரத்தில் எடை 26 கிலோ என்றிருப்பதும், இரண்டரை மாத்திரை கொடுத்ததாக எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகின்றன.

பாளை ஆவணக்காரர் எழுதியது:

சகோதரிக்கு நன்றி. ஆனால் ‘காணப்படவில்லை’ என்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மலப் பரிசோதனை வரியில் ‘நோ சே ஒப்செர்வான்’ என்று எழுதிய அதே மருத்துவர், உடல்நலச் சான்றிதழில் ‘லிப்ரே தே எக்தோபராசிதோஸ்’, அதாவது புற ஒட்டுண்ணிகள் அற்றது, என்று அறுதியாகவே எழுதியிருக்கிறார். மூலத்தில் உறுதி இருக்கும்போது நான் அதைக் குறைத்து எழுதலாமா? மருத்துவ நோக்கில் எது உண்மை என்பதை முடிவு செய்வது என் வேலையன்று. எழுதியவர் என்ன எழுதினாரோ அதைத் தருவதே என் வேலை.

கடையநல்லூர் ஆய்வகம் எழுதியது:

குறைக்கச் சொல்லவில்லை, அண்ணாச்சி. ‘அற்றது’ என்று இருந்தால் ‘அற்றது’ என்றே எழுதுங்கள். ‘காணப்படவில்லை’ என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். இரண்டையும் முகவர் ஒரேமாதிரி ‘இல்லை’ ஆக்கிவிட்டார் என்பதுதான் என் குறை. மருத்துவர் இரு இடத்தில் இரு விதமாக எழுதியதற்குக் காரணம் இருக்கும். தோலையும் மயிரையும் கையால் தடவிப் பார்த்து ஒருவர் ‘அற்றது’ என்று சொல்ல முடியும். ஒரு சிட்டிகை மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து அவ்வாறு சொல்ல முடியாது.

மெக்சிகோ நெல்லையர் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் களக்காட்டுக்காரன், இப்போது மெக்சிகோவில் வசிக்கிறேன். அமெரிக்காவுக்கு மாற்றலாகிச் செல்லும்போது நாயையும் கொண்டுசெல்ல வேண்டும். இங்கே சான்றிதழில் ‘குசானோ பர்ரெனதோர்’ என்று தனி வரி ஒன்று கேட்கிறார்கள். ‘குசானோ’ என்றால் புழு. குடற்புழு மாத்திரை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, பின் ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்று ஊரிலிருந்து அண்ணன் கேட்கிறார். என்ன சொல்லி விளக்குவது?

இராமையன்பட்டி மருத்துவர் எழுதியது:

அது குடற்புழு அன்று, ஈயின் புழு. தமிழிலும் ‘புழு’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் அண்ணனுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. ஆனால் இதற்கு நம்மிடம் மிகச் சரியான வழக்கு உண்டு: ‘புண்ணில் புழு வைத்துவிட்டது’ என்று சொல்கிறோம் அல்லவா, அதுதான் இது.

‘காக்லியோமையா ஹோமினிவோராக்ஸ்’ என்னும் ஈ, புண்ணின் விளிம்பில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்து, புழுக்கள் தலைகீழாக உள்ளே துளைத்துக்கொண்டு இறங்கும். சாதாரண ஈயின் புழு பெரும்பாலும் அழுகிய சதையைத் தின்னும்; இது உயிருள்ள சதையையே தின்பதால் புண் நாளுக்கு நாள் ஆழமாகும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் புழுக்கள் தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். மலட்டு ஆண் ஈக்களை வானிலிருந்து விடும் முறையால் அமெரிக்கா இதை ஒழித்தது. மெக்சிகோவும் 1991-இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் 2023-இல் பனாமாவில் மீண்டும் பெருகி வடக்கே நகர்ந்து, 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. இந்த ஈ உள்ள நாடுகளிலிருந்து வரும் நாயை, புறப்படுவதற்கு முந்தைய 5 நாட்களுக்குள் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. மாத்திரை கொடுத்த சான்று அதற்கு ஈடாகாது. உடலில் உள்ள ஒவ்வொரு புண்ணையும் பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டில் இந்த ஈ இல்லை. இதே குணமுடைய ‘கிரைசோமையா பெசியானா’ என்னும் வேறோர் ஈ இங்கே உண்டு. கொம்பு நீக்கிய புண்ணிலும் கன்றின் தொப்புளிலும் புழு வைத்துக் கொண்டுவருவார்கள். டர்பென்டைன் எண்ணெய் தோய்த்த பஞ்சைத் துளையில் வைத்துவிட்டு, மேலே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்போம். ஆகவே தமிழில் ‘சதையைத் துளைக்கும் ஈப்புழு’ என்று எழுதி, அறிவியல் பெயரை ரோமன் எழுத்திலேயே பக்கத்தில் வையுங்கள். வெறும் ‘துளைப்புழு’ என்றால் கத்தரிக்காய்க்குள் இருக்கும் காய்த்துளைப்பானை நினைத்துக்கொள்வார்கள்.

மெக்சிகோ நெல்லையர் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. ‘புழு வைத்தல்’ என்று சொன்னவுடன் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு எருமைக்கு முன்பு சீத்தா இலையை அரைத்துக் கட்டியதை அவரே நினைவுபடுத்தினார்.

பாளை ஆவணக்காரர் எழுதியது:

கடவுச்சீட்டில் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவுக்கான சிகிச்சை என்று ஒரு தனிப் பக்கமே இருக்கிறது. ஆனால் அது முழுவதும் காலியாக உள்ளது. ‘சிகிச்சை அளிக்கப்படவில்லை’ என்று எழுதலாமா? மேலும் மருத்துவரின் கையெழுத்தில் ‘ஃபியெப்ரே போர் கர்ராபாத்தாஸ்’ என்று ஒரு பழைய குறிப்பு உள்ளது. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறேன்.

இராமையன்பட்டி மருத்துவர் எழுதியது:

‘பதிவு ஏதும் இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குள் நாய் நுழையும்போது, நுழைவதற்கு முன் 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் பிராசிகுவாண்டெல் கொடுத்து, நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக உள்ள பக்கம் அது. ஸ்பெயினிலேயே இருந்த நாய்க்கு அது காலியாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புழுதான் ஆட்டு ஈரலை அறுக்கும்போது தென்படும் நீர்க்கட்டிக்குக் காரணம். கறிக்கடைக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகத்தான். பெரியவரிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

‘உண்ணிக் காய்ச்சல்’ வேண்டாம். மனிதருக்கு வரும் ஸ்கரப் டைஃபசைச் செய்தித்தாள்கள் அந்தப் பெயரால் எழுதிப் பழக்கிவிட்டன. அதைப் பரப்புவது வேறொரு சிற்றுயிரியின் இளம்புழு. நாய்க்கு உண்ணி கடித்து வருவது பெரும்பாலும் எர்லிக்கியா அல்லது பேபிசியா என்னும் இரத்தத் தொற்று. எது என்று மூலத்தில் இல்லாததால் ‘உண்ணிக் கடியால் வந்த காய்ச்சல்’ என்று சொல்லுக்குச் சொல் நின்றுவிடுங்கள். அந்த நாயைப் பார்க்கப்போகும் உள்ளூர் மருத்துவர் இந்த வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அதுவே காரணமாகும்.

பாளை ஆவணக்காரர் எழுதியது:

எல்லோர் கருத்தையும் வைத்துத் திருத்திய வரிகளை இங்கே இடுகிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.

“உருண்டைப்புழு, நாடாப்புழு ஆகியவற்றுக்கான குடற்புழு நீக்க மாத்திரை வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றுக்கான மாத்திரை வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. இதயப்புழு: இரத்தப் பரிசோதனையில் எதிர்மறை. லெய்ஷ்மேனியா: இரத்தப் பரிசோதனையில் எதிர்மறை. மலப் பரிசோதனையில் புழு முட்டைகள் காணப்படவில்லை. புற ஒட்டுண்ணிகள் (உண்ணி, தெள்ளு, பேன் முதலியன) அற்றது.”

கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் உள்ளது என் விளக்கம் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன்.

சிப்பிப்பாறை வளர்ப்பவர் எழுதியது:

இது புரிகிறது. ‘எதிர்மறை’ மட்டும் உறுத்துகிறது. பெரியவர் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துவிடப் போகிறார்.

கடையநல்லூர் ஆய்வகம் எழுதியது:

‘நோய்க்கான அறிகுறி தென்படவில்லை’ என்றும் எழுத முடியாது. அது உடலைப் பார்த்துச் சொல்வதாகிவிடும். ‘பரிசோதனை முடிவு: நெகட்டிவ்’ என்றே எழுதுங்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர் எங்கள் ஊரில் இல்லை.

பாளை ஆவணக்காரர் எழுதியது:

அவ்வாறே மாற்றிவிட்டேன். படியைப் பெரியவரிடம் கொடுத்தாயிற்று. முழுவதும் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே: ‘ப்ரோக்ஸிமா தோசிஸ்’ என்று அடுத்த தவணைக்குக் குறித்த நாள் நாய் வந்திறங்கும் வாரத்திலேயே வருகிறதே, அதே இரண்டரை மாத்திரையைக் கொடுத்துவிடலாமா?

இராமையன்பட்டி மருத்துவர் எழுதியது:

வேண்டாம். பயணத்தில் நாய் மெலிந்திருக்கும். முதலில் எடை பார்க்கச் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் மாத்திரையில் மருந்தின் அளவும் வேறாக இருக்கலாம். சிகிச்சைப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.